பிரேக் ரீகால்: வண்டி சரியாகிவிட்டது, ஆனால் தானாகச் சரியாகவில்லை

முதலில் மார்க்கைப் போட்டுவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். புதிதாக மாட்டிக்கொடுத்த பிரேக் யூனிட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை மாட்டிய டெக்னீஷியனுக்கு ஐந்துக்கு ஐந்து. கார் கம்பெனியின் ரீகால் பிரிவுக்கு (ரீகால் என்றால் தயாரிப்பில் குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்து இலவசமாகச் சரி செய்து கொடுப்பது), தாமதமாகக் கண் விழித்தாலும், மூன்று. சர்வீஸ் சென்டரின் முன் கவுன்டருக்கு ஒன்று, அதுவும் பூஜ்யம் போட வழியில்லாததால். கம்பெனி பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் மற்ற கம்பெனி வண்டி வைத்திருப்பவர்கள் “நல்லவேளை, நம்முடையது அது இல்லை” என்று நிம்மதியாகப் போய்விடுவீர்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் எதுவும் கிடையாது, பெரிய பெயர்கள் பலவும் பிரேக்குக்காக ரீகால் செய்திருக்கின்றன, வரும் இடத்தில் சொல்கிறேன்.

கோளாறு இதுதான். வாரக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. அப்புறம் ஒரு நாள், முன்னால் போகிற வண்டி வேகம் குறைக்கிறதே என்று பிரேக்கில் கால் வைத்தால் பெடல் கல்லாக இறுகி நிற்கும். டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு, பக்கத்தில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு) விளக்கு. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டில் முதுகை அழுத்தி மிதித்தால்தான் வண்டி நிற்கும். ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்து மறுபடி போட்டால் விளக்கும் இருக்காது, இறுக்கமும் இருக்காது, பெடல் பழையபடி மெதுவாக இறங்கும். அன்று முழுக்க ஓட்டினாலும் திரும்ப வராது. இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாத் தலைவலிக்கும் மூலம்.

இப்படி நடந்தால் என்ன செய்வது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே எங்காவது புதைந்துவிடக் கூடாது. பெடல் இறுகினால் விட்டு விட்டு மிதிக்காதீர்கள், ஒரே மூச்சில் முழு பலத்தோடு அழுத்தி அப்படியே வைத்திருங்கள். வேக்குவம் பூஸ்டர் (என்னவென்று கீழே சொல்கிறேன்) உள்ள வண்டியில் விட்டு விட்டு மிதித்தால் மிச்சம் இருக்கிற உதவியும் தீர்ந்துபோகும். பெடல் இறுகாமல் பொசுக்கென்று கீழே போனால் அது வேறு கோளாறு, அதற்குத்தான் அடித்து அடித்து மிதிக்க வேண்டும். வண்டி நின்றபின் ஓட்டிக்கொண்டு போகாமல் இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பெடல் சரியாகிவிட்டது என்பதற்காகக் கோளாறு போய்விட்டது என்று ஆகாது.

ஏன் இப்படி ஆகிறது? பழைய வண்டிகளில் இன்ஜின் உறிஞ்சுகிற வெற்றிடத்தை வைத்து ஒரு பெரிய வட்ட டப்பா, அதுதான் வேக்குவம் பூஸ்டர், நம் கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும். இப்போது வருகிற பல வண்டிகளில், குறிப்பாக ஹைபிரிட்டிலும் எலெக்ட்ரிக்கிலும், அந்த வேலையை மோட்டார் வைத்த எலெக்ட்ரானிக் பூஸ்டர் செய்கிறது. பெடல் எவ்வளவு இறங்கியது என்பதை ஒரு சென்சார் சொல்லும், அதைக் கேட்டு மோட்டார் பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும். அந்த சிக்னல் ஒரு கணம் அறுந்தாலோ, வருகிற எண் நம்பும்படி இல்லாவிட்டாலோ, யூனிட் தப்பாக எதையும் செய்துவிடக் கூடாது என்று ஒதுங்கிக்கொள்ளும். அதன் பிறகு உங்கள் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது வெறும் ஆயில்தான். பிரேக் இருக்கிறது, உதவிதான் இல்லை.

இதைத்தான் கவுன்டரில் “பிரேக் ஃபெயிலியர்னு சொல்ல முடியாது சார், கொஞ்சம் ஹார்டா இருந்திருக்கும்” என்று ஒரே வரியில் சுருக்கினார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? பயணிகள் காரின் பிரேக்குக்கு ஐ.நா.வின் கீழ் ஒரு விதி இருக்கிறது, 13-எச் என்று பெயர், பல நாடுகள் அதையே பின்பற்றுகின்றன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கு அந்த விதியின் கணக்கைப் போட்டால், முழு நலத்தோடு இருக்கிற பிரேக் 70 மீட்டருக்குள் வண்டியை நிறுத்த வேண்டும். பிரேக் அமைப்பில் ஒரு கோளாறு நேர்ந்த நிலையில் அதே வேகத்துக்கு அனுமதிக்கிற தூரம் 168 மீட்டர். இரண்டு நிலைக்கும் பெடலில் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிற உச்ச அழுத்தம் 500 நியூட்டன், அதாவது சுமார் 50 கிலோ எடையை ஒற்றைக் காலால் தள்ளுகிற அளவு. விதிப்படி பார்த்தால் உதவி போன பிறகும் வண்டி ‘பாஸ்’தான். ஆனால் அந்த 98 மீட்டர் வித்தியாசத்துக்குள் யார் நிற்கிறார்கள் என்பது விதியில் எழுதியிருக்காது.

ரீகால் அறிவிப்பு வருவதற்கு முன்பே வண்டியைக் கொண்டுபோனேன். சர்வீஸ் அட்வைசர் ஸ்கேனரை மாட்டினார், திரையைப் பார்த்தார், திரையை என் பக்கம் திருப்பினார். “கோடு எதுவும் இல்லை சார்.” கோடு என்றால், கோளாறு நேர்ந்ததும் வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கிற குறியீடு. அதோடு வழக்கு முடிந்தது. டெஸ்ட் டிரைவ் போனோம், காலை வைத்தாலே வண்டி கச்சிதமாக நின்றது. அவர் முகத்தில் ஒரு கனிவு, பயந்த சுபாவம் உள்ளவரிடம் பேசுகிற கனிவு. “சில பேருக்கு அப்படித் தோணும் சார், புது டைப் பிரேக் இல்லையா, பழக்கம் ஆகணும்.” வெறும் கையோடு அனுப்ப மனமில்லாமல் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது என்று சொல்லி அதை மாற்றி, ஆயிலையும் மாற்றி, பில்லைக் கொடுத்தார். பேட் தேய்ந்தால் பெடல் இறுகாது. விட்டு விட்டு இறுகவே இறுகாது. இந்த பில்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

“தோணும்” என்கிற இந்த மருந்து புதிதல்ல. 2010 தொடக்கத்தில் டொயோட்டாவின் பிரியஸ் ஓட்டியவர்கள், மேடு பள்ளத்திலும் வழுக்கும் தரையிலும் பிரேக் ஒரு கணம் பிடிக்காமல் நழுவுகிறது என்று புகார் சொன்னார்கள். ஓட்டுபவரின் உணர்வுக்கும் வண்டியின் செயல்பாட்டுக்கும் உள்ள சின்ன இடைவெளி என்கிற தோரணையில்தான் கம்பெனித் தரப்பு முதலில் பேசியது. பிப்ரவரியிலேயே உலகம் முழுக்க 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைபிரிட் வண்டிகளைத் திரும்ப அழைத்து ஏபிஎஸ் சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுத்தார்கள். உணர்வுக்கு யாரும் சாஃப்ட்வேர் மாற்ற மாட்டார்கள்.

கோடு விஷயத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கவுன்டரில் இருக்கிறவருக்கு அதுதான் வேதவாக்கு. ஒரு கோளாறு எவ்வளவு நேரம் நீடித்தால் அதைப் பதிய வேண்டும் என்பதை சாஃப்ட்வேர் எழுதியவர்தான் முடிவு செய்திருப்பார். அதற்குக் குறைவாக வந்துபோனால் சில வண்டிகளில் பதிவே இருக்காது, சிலவற்றில் ‘நிலுவை’ என்று தற்காலிகமாக உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்தடுத்து ஒழுங்காக ஓடியதும் தானாக அழிந்துபோகும். இன்னொன்று, ஸ்கேன் செய்கிற கையோடு பழைய கோடுகளை அழித்துவிடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, திரை சுத்தமாக இருந்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. அழிப்பதற்கு முன்னால் முழு ஸ்கேனையும் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள், எந்தக் கோடு எந்த வேகத்தில் எந்த வெப்பநிலையில் விழுந்தது என்கிற விவரமும் சில வண்டிகளில் கூடவே கிடைக்கும். நீங்களே வாங்கி மாட்டுகிற விலை குறைந்த ரீடரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்ஜின் சம்பந்தப்பட்ட கோடுகளைத்தான் படிக்கும், பிரேக் கம்ப்யூட்டரோடு பேசவே அவற்றுக்குத் தெரியாது. அது ‘ஒன்றும் இல்லை’ என்று சொன்னால் ‘நான் பார்க்கவில்லை’ என்று அர்த்தம்.

அப்புறம் ரீகால் கடிதம் வந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது, நான் கவுன்டரில் சொன்ன அதே வாக்கியங்கள் கொஞ்சம் சட்ட மொழியில் அச்சாகி வந்திருந்தன: சில சூழ்நிலைகளில் பிரேக் உதவி குறையலாம், நிறுத்தும் தூரம் அதிகரிக்கலாம், எச்சரிக்கை விளக்கு எரியலாம். கடிதத்தோடு போனேன். அதே கவுன்டர், அதே சார். “ரீகால் இருக்கு சார், ஆனா உங்க வண்டியில அந்தக் கம்ப்ளைன்ட் வரலையே? வாரண்டியும் முடிஞ்சிருச்சே?”

இந்த இடத்தில்தான் நிறைய பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ரீகாலும் வாரண்டியும் ஒன்றல்ல. வாரண்டியில் ‘என் வண்டியில் இது கெட்டுப்போயிருக்கிறது’ என்று நாம் காட்ட வேண்டும். ரீகாலில் ‘நாங்கள் இந்த வண்டிகளைத் தப்பாகச் செய்துவிட்டோம்’ என்று அவர்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வண்டியின் 17 எழுத்து சேசிஸ் நம்பர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, முடிந்தது கதை. கோளாறு வந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை, வராமல் இருக்கும்போதே சரி செய்வதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள். வண்டியைப் புதிதாக வாங்கினவரா, மூன்றாவது கையாக வாங்கினவரா என்பதும் பொருட்டில்லை. காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும், அமெரிக்காவில் முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகள் வரை இலவசமாகச் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, வேறு இடங்களில் வேறு மாதிரி இருக்கும். ஆனால் எங்கேயும் கவுன்டரில் இருக்கிறவரிடம் டெஸ்ட் டிரைவில் கோளாறை நடித்துக் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

சரி, அதையும் பேசித் தீர்த்து வண்டியை உள்ளே விட்டாயிற்று. சாயங்காலம் திரும்பி வந்தது, ஜாப் கார்டில் ‘ரீகால் வேலை முடிந்தது’. என்ன செய்தீர்கள் என்று கேட்டால், “அப்டேட் போட்டாச்சு சார்”. பாகம்? “அது தேவைப்படலை.”

கடிதத்தில் சின்ன எழுத்தில் இருந்ததை அன்று ராத்திரி மறுபடி எடுத்துப் படித்தேன். இந்த ரீகாலின் வைத்தியம் இரண்டு படிகளில் இருந்தது. முதலில் சாஃப்ட்வேரை மாற்றி, பழைய பதிவைப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட கோடு இருந்தால் மட்டும் யூனிட்டை மாற்ற வேண்டும். காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் வருவதும் போவதுமாக இருக்கிற கோளாறு, பதிவையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிற கோளாறு, இந்த வலையில் எப்படி மாட்டும்? அதுவும் என் வண்டியில் இருந்த பதிவுகளை முன்பு ஸ்கேன் செய்த கையோடு அவர்களே அழித்திருக்கக்கூடும் என்கிறபோது?

சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மாற்றுகிற ரீகால்கள் நிறைய உண்டு, எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. 2022-இல் மெர்சிடிஸ், 2004 முதல் 2015 வரை தயாரித்த எம்எல், ஜிஎல், ஆர் கிளாஸ் வண்டிகளில் ஏறக்குறைய 10 லட்சத்தை, பிரேக் பூஸ்டர் துருப்பிடிக்கிறது என்று திரும்ப அழைத்தது. அங்கேயும் பூஸ்டர் மேலிருக்கிற ரப்பர் உறையைக் கழற்றிப் பார்த்து, துரு முற்றியிருந்தால் மாற்றினார்கள். துரு என்றால் கண்ணால் பார்க்கலாம், இன்றைக்கு இருப்பது நாளைக்கும் இருக்கும். எலெக்ட்ரிக்கல் கோளாறுக்கு அதே முறையை வைத்தால், நல்ல நாளில் வந்த கெட்ட வண்டியெல்லாம் தேறிவிடும்.

அப்டேட் போட்ட பிறகும் பெடல் இறுகியது. மழை ஓய்ந்த ஒரு காலையில், ஈரம் காயாத நேரத்தில். இந்த முறை பக்கத்து சீட்டில் ஆள் இருந்தார், செல்போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது: எரிகிற விளக்கு, ஸ்பீடோமீட்டர், என் முட்டி நடுங்குவது, எல்லாம் ஒரே பிரேமில். டேஷ்கேமும் ஓடியதால் எவ்வளவு நீளத்துக்கு வண்டி நழுவிப் போனது என்பது தனியாகப் பதிவாகியிருந்தது. இதை எடுத்துக்கொண்டு போனால் அடுத்த சுவர்: “ரீகால் க்ளோஸ் ஆயிடுச்சு சார், சிஸ்டம்ல ஓப்பன் பண்ண முடியாது.” சேசிஸ் நம்பரை இணையத்தில் போட்டுப் பார்த்தாலும் ‘நிலுவையில் ரீகால் எதுவும் இல்லை’ என்று வந்தது. அதாவது வேலை முடிந்ததாக அவர்கள் தட்டிய ஒரு பட்டனால் என் வண்டி உலகத்தின் கண்ணுக்கு ஆரோக்கியமான வண்டியாகிவிட்டது. நாளைக்கு இதை யாருக்காவது விற்றிருந்தால், வாங்குகிறவர் தேடிப் பார்த்துத் திருப்தியோடு பணம் கொடுத்திருப்பார்.

இந்த இடத்தில் கதையைத் திருப்பியவர் அட்வைசர் இல்லை, பின்னால் லிஃப்ட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்த சீனியர் டெக்னீஷியன். வீடியோவை ஒரு தடவை பார்த்தார், மறுபடி சத்தத்தோடு பார்த்தார், பெடலை மிதிக்கும்போது மோட்டார் சத்தம் வரவில்லை என்பதைக் காதாலேயே பிடித்தார். “வண்டியை விட்டுட்டுப் போங்க சார். ஒரு ராத்திரி வெளியில நிக்கட்டும், காலையில நனைஞ்ச வண்டியாவே பாக்குறேன்.” மறுநாள் என்னையும் கூப்பிட்டார். அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்யத்தான் கவுன்டரில் யாருக்கும் மனசு வரவில்லை. ஸ்கேனரில் கோடு பக்கத்துக்கே போகவில்லை, பெடல் சென்சாரின் எண் நொடிக்கு நொடி ஓடுகிற பக்கத்தைத் திறந்து வைத்தார். ஜூனியர் பையனை உட்காரவைத்து பெடலைப் பாதி மிதித்து அசையாமல் பிடிக்கச் சொன்னார். அப்புறம் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்து, பூஸ்டருக்குப் போகிற வயர் கட்டை ஒவ்வொரு அங்குலமாக ஆட்டிக்கொண்டே போனார். கிளிப் பக்கம் ஒன்றுமில்லை, வளைவில் ஒன்றுமில்லை, கனெக்டருக்கு ஒட்டினாற்போல் விரலை வைத்து லேசாக மேலே தூக்கியதும் உள்ளேயிருந்து பையன் கத்தினான்: “அண்ணே, ஜீரோ!” விட்டால் எண் திரும்ப வந்தது. தூக்கினால் போனது.

கனெக்டரைக் கழற்றி எனக்குக் காட்டினார். உள்ளே கரண்டைக் கடத்துகிற உலோக ஊசிகள், அவர்கள் மொழியில் பின்கள், மற்றவை எல்லாம் பளபளவென்று இருக்க, ஒரு பின்னின் நுனியில் மட்டும் கடுகு அளவுகூட இல்லாத ஒரு கருப்புத் தடம். பின் தளர்வாக உட்கார்ந்திருந்தால் வண்டி அதிரும்போதெல்லாம் உலோகமும் உலோகமும் துளித்துளியாக உரசும், பூச்சு தேயும், தேய்ந்த தூள் காற்றில் ஆக்சைடாகிக் கரண்டை மறிக்கும். ஒரு நாள் மறிக்கும், ஒரு அதிர்வில் நகர்ந்து வழிவிடும், அதனால்தான் வந்து வந்து போகிறது. இதுவும் புதிய விஷயமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் சுமார் 24 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்கு இதே மாதிரி ஒரு கனெக்டர் அரிப்புதான் காரணம். மிதிக்காமலே பிரேக் லைட் எரியும், மிதித்தால் எரியாது, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்வது), பானிக் பிரேக் உதவி (அவசரமாக மிதிக்கும்போது கூடுதல் அழுத்தம் கொடுப்பது) எல்லாம் செயலிழக்கலாம் என்று சொன்னார்கள். வைத்தியம் என்ன தெரியுமா? கனெக்டர் ஆடாமல் இருக்க ஒரு ஸ்பேசர், பின்களுக்கு ஒரு பூச்சு கிரீஸ். 24 லட்சம் வண்டிகளுக்கு.

ஆனால் என் வண்டியின் கனெக்டர் யூனிட்டோடு சேர்ந்தே வருகிற அமைப்பு, பின் இருக்கிற பக்கத்தைத் தனியாக மாற்ற முடியாது. யூனிட்டையே மாற்ற வேண்டும். அதற்கு ரீகாலை மறுபடி திறக்க வேண்டும், அதற்கு கம்பெனி சம்மதிக்க வேண்டும். டெக்னீஷியன் ஜாப் கார்டிலேயே தான் பார்த்ததைக் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார், போட்டோவும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு பாரா இல்லாமல் நான் எத்தனை மெயில் அனுப்பியிருந்தாலும் ‘தங்கள் கருத்துக்கு நன்றி’தான் வந்திருக்கும்.

ஹெட் ஆபிஸுக்கு எழுதும்போது கோபத்தை எல்லாம் வடிகட்டிவிட்டு நாலே விஷயம்தான் எழுதினேன்: சேசிஸ் நம்பர், ரீகால் நம்பர், வைத்தியம் செய்த பிறகும் அதே கோளாறு வந்த நாளும் வேகமும், அவர்களுடைய ஆளே எழுதிக் கொடுத்த கண்டுபிடிப்பு. வீடியோவை இணைத்தேன். கூடவே, வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கிற அரசு அமைப்பிலும் இதைப் பதிவு செய்திருக்கிறேன் என்று ஒரு வரி. அந்த வரி சும்மா மிரட்டலுக்கு இல்லை. செய்து முடித்த ரீகால் போதுமானதா, வைத்தியம் வேலை செய்கிறதா என்பதைக் கேட்டே தனியாக விசாரணை திறக்கிற வழக்கம் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவுக்கு உண்டு, அதற்கு அடிப்படை நம்மைப் போன்றவர்கள் அனுப்புகிற புகார்கள்தான். ‘ரீகால் செய்த பிறகும் வருகிறது’ என்கிற புகார், ‘என் வண்டியில் கோளாறு’ என்கிற புகாரைவிட கம்பெனிக்கு அதிகம் உறைக்கும். எனக்கு பதில் வந்த வேகத்தைப் பார்த்தால் உறைத்திருக்கிறது.

பேசிய ரீகால் பிரிவுப் பெண்மணிக்கு விஷயம் தெரிந்திருந்தது, அதுவே பெரிய ஆறுதல். எதையும் நிரூபிக்கச் சொல்லவில்லை. யூனிட் மாற்ற ஒப்புதல் கொடுத்தார், பாகம் வருகிற வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தார், ஓட்ட வேண்டாம் என்று அவர்களே சொன்னதால் மாற்று வண்டியும் அவர்கள் செலவிலேயே கிடைத்தது. இந்த வரிசை முக்கியம்: முதலில் ‘ஓட்டலாமா, கூடாதா’ என்று எழுத்தில் கேளுங்கள், அப்புறம் மாற்று வண்டி கேளுங்கள். தலைகீழாகக் கேட்டால் சலுகை கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

பாகம் வரத் தாமதமானது, அதற்கு நான் மார்க் குறைக்கவில்லை. பிரேக் யூனிட் மாதிரியானவற்றை கார் கம்பெனிகள் பெரும்பாலும் வெளியில் வாங்குகின்றன, ஒரே சப்ளையர், அதே யூனிட் பல மாடல்களில். 2024 செப்டம்பரில் பிஎம்டபிள்யூ, கான்டினென்டல் தயாரித்த பிரேக் யூனிட் சம்பந்தமாக 15 லட்சம் வண்டிகள் பாதிக்கப்படுகின்றன என்று அறிவித்தபோது, அதோடு சேர்த்து அந்த ஆண்டின் லாபக் கணிப்பையும் குறைத்தது. அத்தனை யூனிட்டை யாரும் குடோனில் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். காத்திருக்கச் சொல்வதில் தப்பில்லை. காத்திருக்கும்போது அதே வண்டியை ஓட்டச் சொல்வதுதான் தப்பு.

மாற்றிய வேலையைப் பற்றி ரெண்டு வார்த்தை. இந்த யூனிட்டைக் கழற்றினால் பிரேக் ஆயில் முழுக்க இறங்கும், உள்ளே காற்று புகும். பழைய முறையில் ஒருவர் மிதிக்க ஒருவர் நட்டைத் திறந்து காற்றை எடுத்தால் மட்டும் போதாது, யூனிட்டுக்குள்ளே இருக்கிற வால்வுகளையும் பம்பையும் ஸ்கேனர் மூலம் இயக்கித்தான் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற முடியும். ஆயில் புது டப்பாவிலிருந்து, கண் எதிரே சீல் உடைத்து ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்கிற தரத்து பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், ஈரம் ஏறிய நிலைக்கு அதே தரம் கேட்பது 155 டிகிரிதான். பாதி தீர்ந்து மூடி திறந்து கிடக்கிற டப்பாவிலிருந்து ஊற்ற வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கள் டெக்னீஷியன் நான் கேட்காமலே புது டப்பா கொண்டுவந்தார், பெடல் சென்சாரை ஸ்கேனரில் புதிதாகப் பழக்கினார், கடைசியில் வயர் கட்டைப் பிடித்து முன்பைவிட முரட்டுத்தனமாக ஆட்டிக் காட்டினார். எண் அசையவில்லை. அதற்குப் பிறகு மழை, வெயில், பள்ளம் மேடு எல்லாம் பார்த்தாயிற்று, விளக்கு எரியவில்லை.

ஜாப் கார்டை வாங்கும்போது ‘பிரேக் வேலை’ என்று மொட்டையாக எழுதியிருந்தார்கள். ரீகால் நம்பரும் மாற்றிய யூனிட்டின் பார்ட் நம்பரும் சேர்த்து எழுதித் தரச் சொன்னேன். கவுன்டரில் முகம் சுருங்கியது, எழுதித் தந்தார்கள். பழைய பாகத்தைக் கேட்டேன், கிடைக்கவில்லை, ரீகால் பாகம் கம்பெனிக்குத் திரும்பப் போக வேண்டுமாம். போகட்டும், அந்தக் கருப்புத் தடத்தை அங்கே யாராவது மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நல்லதுதான்.

பாக்கி இருப்பது அந்த பில். ரீகால் அறிவிப்புக்கு முன்னால் அதே கோளாறுக்காக நீங்கள் கையிலிருந்து செலவழித்திருந்தால், பல ரீகால்களில் அதைத் திருப்பிக் கேட்க வழி இருக்கும். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும், கவுன்டரில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். பில்லில் என்ன புகாருக்காக வந்தீர்கள் என்று எழுதியிருக்க வேண்டும், அதனால் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுத விடாதீர்கள். என் பில்லில் ‘பெடல் இறுகுவதாக வாடிக்கையாளர் புகார்’ என்று அட்வைசரே எழுதியிருந்தார், அதற்குக் கீழேதான் பேடும் ஆயிலும். அனுப்பியிருக்கிறேன். ஆயில் மாற்றியது வழக்கமான பராமரிப்பு, பேட் தேய்மானப் பொருள், இதில் எது ரீகாலில் சேரும் என்று ‘பரிசீலனை’ நடக்கிறதாம். பணம் வந்தால் ரீகால் பிரிவுக்கு மூன்றை நாலாக்குகிறேன். கவுன்டரின் ஒன்று ஒன்றாகவேதான் இருக்கும்.